‘வரேன்’ என்ற சொல்லுக்கு விசா

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், இந்நாட்டில் இணையத்துக்கு எவ்விதத் தடையும் இல்லை. தடை இருப்பதாகச் சொல்வதற்கு மட்டுமே தடை உள்ளது. பயணிகள் தங்கள் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் எந்நேரமும் அளவளாவலாம். அளவை இயக்ககம் பார்த்துக்கொள்ளும். அளாவுவதைப் பயணிகள் பார்த்துக்கொள்ளவும்.
இப்படிக்கு, தடையற்ற தொடர்பு இயக்ககம்.

விமான நிலையச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், பூட்டுப் போட்டு மாட்டியிருந்த இந்த அறிவிப்பை லிஃப்ட் மெக்கானிக் நின்று முழுசாகப் படித்தார். ‘ஆறு பேருக்கு மேல் ஏறாதீர்’ என்று தான் ஒட்டிய வாசகத்தை ஒருவர்கூடப் படிக்காமல் ஒன்பது பேராக ஏறுவதை இருபத்தைந்து வருஷமாகப் பார்த்து நொந்தவர் அவர். எழுதி ஒட்டியவனின் மனசு அவருக்குத் தெரியும். எந்த அறிவிப்பையும் படிக்காமல் தாண்ட மாட்டார்.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. அந்த நாட்டின் எட்டு மாடி அரசுக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோய் நாலு மாதமாகியிருந்தது. பழுது பார்க்க எட்டு நாள் என்று கம்பெனி ஒப்பந்தம் போட்டது. அந்த நாட்டில் நம் பாஷை செல்லும். நம் பேச்சுதான் செல்லாது. இதில் முதல் பாதி மட்டும் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. அதனால் இவரை அனுப்பிவிட்டார்கள்.

கிளம்பியது நல்ல நேரமில்லை. அவருடைய அப்பாவுக்கு அந்த வியாழக்கிழமை காலை இதயத்தில் ஆபரேஷன். அப்பா முப்பத்தாறு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லீவு கேட்டதற்கு மேனேஜர், “ஆபரேஷன் அப்பாவுக்குத்தானே, உனக்கில்லையே” என்றார். அதை அப்படியே வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார்.

“கரெக்டாத்தானே சொல்லியிருக்கான். நீ இருந்தா மட்டும் நீயா அறுக்கப் போற? போ, போ.”

“தினமும் பேசறேம்ப்பா. தியேட்டருக்குள்ள போறதுக்கு முன்னாடி கண்டிப்பா பேசிடுவேன்.”

“இறங்கறப்ப பாத்துக்கலாம்” என்றார் அப்பா. டிக்கெட்டுக்குச் சில்லறை இல்லை என்கிறவர்களிடம் முப்பத்தாறு வருஷம் சொன்ன அதே வாக்கியம், அதே தொனி. தராவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தம். ஆனால் தராமல் போனால் இறங்கிய பிறகும் மறக்க மாட்டார் என்றும் அர்த்தம்.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பால் வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லாமல் அவர் வாசல் தாண்டியதில்லை. வீட்டில் யாராவது வாய் தவறி ‘போறேன்’ என்றால் தீர்ந்தது. திரும்ப உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவைத்து, ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவைத்த பிறகுதான் அனுப்புவார். “போறேன்னு சொல்றவன் ரிட்டன் டிக்கெட் எடுக்காதவன்” என்பது அவர் கட்சி. மகனையும் அப்படித்தான் வழியனுப்பினார்.

ஓட்டல் அறையில் பெட்டியை வைத்ததும் மெக்கானிக் ரிசப்ஷனுக்கு இறங்கி வந்தார்.

“வைஃபை இருக்காம்மா?”

“இருக்கு சார். ஃபுல் சிக்னல்” என்றாள் ரிசப்ஷன் பெண்.

“ஆமா, ஃபுல்லா காட்டுது. ஆனா ஒண்ணும் ஓட மாட்டேங்குதே?”

“ஓடும்னு யார் சார் சொன்னா? இருக்குன்னுதானே சொன்னேன்.”

வெளிநாட்டுக்குச் செய்தி அனுப்பவும் போன் பேசவும் இயக்ககத்தின் அனுமதி வேண்டும், அதற்கு அவர்கள் வெப்சைட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவள் விளக்கினாள்.

“அந்த வெப்சைட்டே திறக்கலையேம்மா.”

“அது வெளிநாட்டு சர்வர்ல இருக்கு சார். வெளிநாட்டு வெப்சைட் இங்க திறக்காது.”

“அப்ப எல்லாரும் எப்படித்தான் விண்ணப்பிக்கறாங்க?”

அவள் மேஜை விளக்கைப் பார்த்தாள், பூச்சாடியைப் பார்த்தாள், குரலை இறக்கினாள். “விபிஎன் போட்டுதான்.”

“அது இங்க தடையாமே?”

“தடைதான் சார். அதுக்கும் அனுமதி வாங்கணும். அந்த வெப்சைட்லயே வாங்கிக்கலாம்.”

சட்டத்துக்குப் பயந்தவர்களுக்கு நேரில் போகும் வழி இருந்தது. “இயக்ககம் எட்டாவது மாடி சார். ஆனா லிஃப்ட் ஓடாது.”

“தெரியும்மா” என்றார் மெக்கானிக். “அதுக்காகத்தான் வந்திருக்கேன்.”

திங்கட்கிழமை காலை, கருவிப் பையோடு எட்டு மாடி ஏறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் விண்ணப்பதாரர்கள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூச்சு திரும்பியதும் ஒருவரோடொருவர் பேசினார்கள். மகளின் பிரசவம், விற்காத வீடு, வெளியூரில் தொலைந்த பெட்டி. எல்லாக் கதையும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாட்டில் தடையற்ற தொடர்பு நிஜமாகவே நடந்த இடம் அந்தப் படிக்கட்டு ஒன்றுதான். அதைக் கெடுக்கத்தான் தாம் வந்திருக்கிறோம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மொட்டைமாடி மெஷின் ரூமைத் திறந்து பார்த்தார். கோளாறு உடனே தெரிந்தது. லிஃப்ட் கட்டுமீறிய வேகத்தில் இறங்கினால் சட்டென்று பிடித்து நிறுத்தும் ஒரு சக்கரம் உண்டு. அதன் பெயர் கவர்னர். உலகத்தில் உள்ள எல்லா லிஃப்டிலும் அது உண்டு. எல்லா மெக்கானிக்கும் அதை அப்படித்தான் சொல்வார்கள். பழக்கதோஷத்தில் போனை எடுத்துத் தலைமை அலுவலகத்துக்குத் தட்டிவிட்டார்: ‘கவர்னர் தேஞ்சுபோச்சு. பிடிமானம் இல்ல. இனிமே நம்ப முடியாது. தூக்கிட்டுப் புதுசு போடணும்.’

வந்து இறங்கியதிலிருந்து அந்தப் போனில் எதுவும் அசையவில்லை. இது அசைந்தது. பத்தே நிமிஷத்தில் இரண்டு பேர் மெஷின் ரூமுக்கு வந்து, மரியாதையாக, ஆளுக்கொரு பக்கம் நின்று, அவரைத் துணை இயக்குநரின் அறைக்கு அழைத்துப் போனார்கள்.

துணை இயக்குநர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். படிக்கும்போது அதை இறக்கவில்லை.

“எந்த கவர்னர்?”

“லிஃப்ட் கவர்னர் சார்.”

“அப்படி ஒரு பதவி இல்லையே.”

“பதவி இல்ல சார், சக்கரம். லிஃப்ட் தறிகெட்டுக் கீழ வந்தா பிடிச்சு நிறுத்தும்.”

“அப்ப நல்லவர்தானே? அவரை எதுக்குத் தூக்கணும்?”

“தேஞ்சிருச்சு சார்.”

“தேஞ்சிருச்சுன்னு யார் முடிவு பண்றது?”

“நான்தான் சார். அதுதான் என் வேலை.”

அந்தப் பதிலைத் துணை இயக்குநர் தனியாக ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக்கொண்டார். பிறகு செய்தியைத் திருத்தி, அனுமதித்து, தாமே அனுப்பிவைத்தார்: ‘மாண்புமிகு சக்கரம் நீண்ட சேவைக்குப் பின் ஓய்வு நாடுகிறது.’ தலைமை அலுவலகத்திலிருந்து ‘யோவ், என்னய்யா உளர்ற?’ என்று பதில் வந்தது. மாண்புமிகு சக்கரத்தை அவமதித்த குற்றத்துக்காக அதை நிறுத்திவைத்தார்கள். கடைசியில் கீழ்த்தளத்தில் கழற்றிப் போட்டிருந்த பழைய லிஃப்டிலிருந்து ஒரு கவர்னரை மெக்கானிக் தாமே தேடி எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டுக்கொண்டார். பழையவர்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்பது அந்தக் கட்டடத்துக்குப் புதிதல்ல.

ஆனால் வந்த இடத்தில் வாய்ப்பை விடுவானேன் என்று அன்றே கேட்டுவிட்டார். “சார், எங்கப்பாவுக்கு வியாழக்கிழமை ஹார்ட் ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பேசணும்.”

துணை இயக்குநரின் முகம் இளகியது. எழுந்தே நின்றுவிட்டார்.

“இந்த இயக்ககத்தைப் பத்தி வெளியில தப்பாப் பேசறாங்க சார். நாங்க யாரையும் பேசாதேன்னு சொன்னதே இல்ல. பேசுங்க. தாராளமா பேசுங்க. கேக்கறதுக்கு எண்ணூறு பேரை வேலைக்கு வச்சிருக்கோம். நீங்களே சொல்லுங்க, வீட்ல நீங்க பேசினா யார் கேக்கறாங்க? சம்சாரம் கேக்கறாங்களா? பிள்ளைங்க கேக்குதா? நாங்க கேக்கறோம் சார். ஒரு எழுத்து விடாம கேக்கறோம். சில பேர் ஊருக்குப் போனப்பறம் ‘எங்களை இப்ப யாருமே கேக்கறதில்ல’ன்னு அழுது கடிதம் போட்டிருக்காங்க. அந்தக் கடிதம் எங்ககிட்டதான் இருக்கு. அனுமதி கிடைக்கல, அதனால நாங்க இன்னும் வாங்கிக்கல.”

இவ்வளவும் பேசிவிட்டு, ‘தொடர்பு விருப்ப மனு’ என்ற ஆறு பக்கப் படிவத்தைக் கொடுத்தார். நீங்கள் என்ன சொல்வீர்கள்? எதிராளி என்ன சொல்வார்? அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? எல்லாம் முன்கூட்டியே எழுத வேண்டும். மெக்கானிக் தம்முடைய பகுதியில் நாலு வரி எழுதினார். எதிராளியின் பகுதியில், அப்பாவை நன்றாக அறிந்தவராதலால், நாலு இடத்திலும் ‘ம்’ என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை மனு திரும்பி வந்தது. குறிப்பு: ‘ம்’ என்பது ஒப்புதலா, சந்தேகமா, எச்சரிக்கையா என்பது தெளிவில்லை.

“மூணும்தான் சார்” என்றார் மெக்கானிக். மனு தள்ளுபடியானது.

புதன்கிழமை காலை ரிசப்ஷன் பெண் ஒரு சீட்டை நீட்டினாள். ‘தங்களுக்குத் தகவல் ஒன்று வந்திருக்கிறது என்பது இத்தகவல். வந்த தகவலை அறிய மொழித் தெளிவுப் பிரிவை அணுகவும்.’

“நல்ல சேதியாத்தான் இருக்கும், போயிட்டு வாங்க சார்” என்றாள் அவள்.

மறுபடி எட்டு மாடி. மொழித் தெளிவுப் பிரிவில் தெளிவு அதிகாரி என்று ஒரு அம்மாள் இருந்தார். நல்ல மாதிரி. மெக்கானிக் மூச்சு வாங்குவதைப் பார்த்து, தம் சொந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். பிறகு ஃபைலைத் திறந்து, உள்ளே இருந்ததை அவருக்குத் தெரியாதபடி தம் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

“செய்தியை நான் உங்ககிட்ட காட்ட முடியாது. ஆனா விளக்கம் கேக்கறதுக்காகப் படிச்சுக் காட்டலாம். ‘நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு. போயிட்டு வரேன்டா.’ அனுப்பினவர் யாரு?”

“எங்கப்பா.”

“அவர்கிட்ட எங்க நாட்டு விசா இருக்கா?”

“அவர் எதுக்கும்மா இங்க வரார்?”

“வரேன்னு எழுதியிருக்காரே. செய்தியை வாங்கறவர் நீங்க. நீங்க இருக்கறது இங்க. அப்ப அவர் வரதும் இங்கதானே? அதுவும் நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு.”

மெக்கானிக் சிரிப்பதா என்று ஒரு கணம் பார்த்தார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

“அம்மா, இது கிளம்பறப்ப சொல்றதும்மா. போறேன்னு சொன்னா அபசகுனம்னு போயிட்டு வரேன்னு சொல்வோம். ஆபரேஷன் தியேட்டருக்குப் போறார். அவ்வளவுதான்.”

“எனக்குத் தெரியாதா சார்?” என்றார் அந்த அம்மாள், மிகுந்த பரிவோடு. “எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வோம். காலைல நானே சொல்லிட்டுத்தான் வந்தேன். எனக்குத் தெரியும், எங்க டைரக்டருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே.”

“ஃபைல்கிட்ட நீங்க சொல்லக் கூடாதா?”

“நான் சொன்னா நான் சொன்னதாயிடும். ஃபைல் தானாத் தெரிஞ்சுக்கணும்.”

சரி, செய்தி உங்களிடமே இருக்கட்டும், பதிலையாவது அனுப்புங்கள் என்று கெஞ்சினார். ‘தைரியமா போயிட்டு வாங்கப்பா’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டார். ‘வாங்க’ என்பது அழைப்பு. வெளிநாட்டவரை அழைக்க உத்தரவாதப் பத்திரம் வேண்டும். ‘தைரியமா’ என்பதைக் கேட்கவே வேண்டாம்: யாரை எதிர்க்க?

அங்கீகரிக்கப்பட்ட வாக்கியங்கள் என்று ஒரு பட்டியலை எடுத்தார். மொத்தம் நாற்பத்தொன்று. ‘இங்கு வானிலை இனிமை’, ‘சாலைகள் அகலம்’, ‘நலம், நலமறிய ஆவல்’, ‘இங்கு அனைத்தும் இயங்குகிறது’. மெக்கானிக் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெஞ்சைப் பிளக்கக் கொடுக்கப் போகிறவரிடம் சாலைகள் அகலம் என்றா சொல்வது? கடைசியில் இருந்ததில் ஒன்றுதான் கொஞ்சம் ஒட்டியது.

“முப்பத்தெட்டாவது. ‘தங்கள் செய்தி கிடைத்தது.’ இதையாவது அனுப்புங்க. பையன் பார்த்துட்டான்னு அவருக்குத் தெரிஞ்சாப் போதும்.”

“அருமையான வாக்கியம் சார். ஆனா செய்தி இன்னும் உங்களுக்குக் கிடைக்கலையே. நிலுவைல இருக்கே. கிடைக்காததைக் கிடைச்சதுன்னு எழுதறது பொய் இல்லையா? பொய்ச் செய்தி பரப்பினா அதுக்குத் தனிச் சட்டம் இருக்கு.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அம்மாள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். படிக்கட்டில் இறங்கும்போது பழக்கத்தில், “சரி சார், போயிட்டு வரேன்” என்றார். சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்தார். யாருமில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இறங்கினார்.

வியாழக்கிழமை ஏழு மணிக்கு மெக்கானிக் மெஷின் ரூமில் இருந்தார். பழைய கவர்னரைக் கழற்றினார், புதிதாகக் கிடைத்த பழையதைப் பொருத்தினார், கயிற்றை இழுத்துப் பார்த்தார். பத்து மணிக்கு மறுபடி இழுத்துப் பார்த்தார். கயிறு காலையிலேயே சரியாக இருந்தது. ஏழு மணிக்கு ஒருவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனால் எத்தனை மணிக்கு வெளியே கொண்டுவருவார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை, கேட்க யாருமில்லை. கேட்பதற்கென்றே எண்ணூறு பேர் கீழே இருந்தார்கள். சாப்பிடவில்லை. அன்று முழுவதும் ‘தங்களுக்குத் தகவல் வந்திருக்கிறது’ என்ற தகவலும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இயக்ககத்தில் அபாய மணி அடித்தது.

அவரை அழைத்துப் போக இந்த முறை நாலு பேர் வந்தார்கள். துணை இயக்குநரின் அறையில் குடியேற்றத் துறையிலிருந்தும் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ஒரு தாள். அதில் ஒரே ஒரு சொல், பெரிய எழுத்தில், அடிக்கோடு போட்டு:

‘வந்துட்டேன்.’

மெக்கானிக் அதைப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அந்த எட்டு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். ‘தகவலறிந்ததும் சந்தேக நபர் மகிழ்ச்சியை மறைக்க முயன்றார்’ என்று குடியேற்றக்காரர் குறித்துக்கொண்டார்.

“எங்க இருக்கார்?” என்றார் துணை இயக்குநர்.

“ஆஸ்பத்திரில சார்! பிழைச்சுட்டார்! தியேட்டர்லேர்ந்து வந்துட்டார்!”

“எந்தத் தியேட்டர்?”

“எங்க ஊர்ல சார்.”

“புதன்கிழமை வரேன்னார். வெள்ளிக்கிழமை வந்துட்டேங்கறார். சொன்னபடி செஞ்சிருக்கார். இதுல உங்களுக்கு என்ன குழப்பம்? வந்தவரை எங்க வச்சிருக்கீங்க?”

ஓட்டல் அறையைச் சோதித்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள், கட்டிலைத் தூக்கினார்கள், அவருடைய பெட்டியையும் திறந்தார்கள். “கிழவர் இதுக்குள்ள அடங்குவாரா சார்?” என்று ரிசப்ஷன் பெண் கேட்டதற்கு அவளிடமும் ஒரு வாக்குமூலம் வாங்கினார்கள். பிறகு லிஃப்ட் வழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். அப்பா அங்கேயும் இல்லை. இவ்வளவு திறமையாக ஒளிந்திருப்பவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்பது குடியேற்றக்காரரின் முடிவு. பதிவேட்டில் எழுதினார்: உள்ளே வந்தவர், ஒருவர். வெளியே போனவர், இல்லை. மெக்கானிக்கின் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினார். அப்பா போகாமல் பிள்ளை போக முடியாது.

சனிக்கிழமை முழுக்க மெக்கானிக் ஒவ்வொரு அதிகாரியிடமும் நடையாய் நடந்தார். திங்கட்கிழமை மத்தியானம் அவருக்கு விமானம். அன்றோடு விசாவும் முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாள் இருந்தால் அது வேறு குற்றம், அதற்கு வேறு மாடி. அங்கே ஆஸ்பத்திரியில், நெஞ்சில் தையலோடு, பிள்ளையிடமிருந்து ஒரு வார்த்தையும் வராமல் ஒருவர் படுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையென்றும் பாராமல், தெளிவு அதிகாரி அம்மாள் ஓட்டலுக்கே வந்தார். உங்கள் கஷ்டம் பார்க்கப் பொறுக்கவில்லை, ஒரு வழி கண்டுபிடித்தேன் என்றார்.

“பதிவேட்ல வந்தவர் ஒருத்தர்னு இருக்கு. அவர் போயிட்டார்னு ரத்த சம்பந்தப்பட்டவர் எழுதிக் கொடுத்தா வரவும் போக்கும் சரியாயிடும். ஃபைல் க்ளோஸ். ரெண்டே வரி சார். ‘அப்பா போயிட்டார். இனி வரமாட்டார்.’ கீழ உங்க கையெழுத்து.”

மெக்கானிக் பேனாவைத் தொடவில்லை.

“அம்மா, நீங்க இதைச் சொல்லிப் பாருங்க. வாய்விட்டு, உங்கப்பாவை நெனச்சு ஒரு தடவை சொல்லிப் பாருங்க.”

அந்த அம்மாள் தாளின் மடிப்பை விரலால் நீவினார். “எழுத்துதானே சார்” என்றார். 

“அப்ப ‘இங்கிருந்து போயிட்டார்’னு எழுதறேன், ‘இந்த நாட்டுக்கு வரமாட்டார்’னு எழுதறேன், ஒத்துக்கோங்க” என்றார் மெக்கானிக்.

“எந்த இடம்னு போட்டா, அந்த இடத்துல எப்ப இருந்தார், எத்தனை நாள்னு அடுத்த கேள்வி வரும் சார். ரெண்டு வரிதான் தெளிவு. நான் சொல்றதைக் கேளுங்க. உங்கப்பாகிட்ட நீங்க சீக்கிரம் போய்ச் சேரணும்னா இதுதான் வழி.”

கடைசி வாக்கியம்தான் அவரைச் சாய்த்தது. கிழவரைப் பார்க்க வேண்டுமானால் கிழவர் போய்விட்டார் என்று எழுத வேண்டும். இருபத்தைந்து வருஷத்தில் எத்தனையோ லிஃப்டைச் சரிசெய்திருக்கிறார்; மேலே போக வேண்டுமென்றால் கீழே போகிற பொத்தானை அழுத்தச் சொல்லும் லிஃப்டை அவர் பார்த்ததில்லை. மனசுக்குள் மூன்று முறை ‘போயிட்டு வந்துட்டார், போயிட்டு வந்துட்டார், போயிட்டு வந்துட்டார்’ என்று சொல்லிக்கொண்டு, கை கூசக் கூசக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை லிஃப்ட் திறப்பு விழா. நாடா கட்டியிருந்தார்கள். துணை இயக்குநர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“இந்த லிஃப்ட் நமக்கெல்லாம் ஒரு பாடம். உள்ள போனவங்க கதவு மூடினப்பறம் கேள்வி கேக்கறதில்ல. எந்த மாடின்னு அவங்க சொல்லலாம். எப்ப நிக்கும்னு நாமதான் சொல்லணும். இடைல நின்னுட்டாலும் பயப்பட வேண்டாம், உள்ள இருந்து பேசறதை வெளிய யாரோ ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. அதுதான் சார் நம்ம இயக்ககம்.”

கைதட்டினார்கள். ஆறு பேருக்கான லிஃப்டில் பதினொரு பேர் ஏறினார்கள். அறிவிப்பை யாரும் படிக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவி மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்தது. நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே ஒரு சாயங்காலம் வரை நிறுத்திவைக்க அரை விநாடி போதும். ஆனால் லிஃப்டுக்கு அவர்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை. வேலை சுத்தமாக நடந்தது. படிக்கட்டு காலியாகக் கிடந்தது. அங்கே இனி யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.

பாஸ்போர்ட்டைத் தெளிவு அதிகாரி அம்மாள்தான் கொண்டுவந்து கொடுத்தார். முகம் மலர்ந்திருந்தது.

“உங்களுக்கு இன்னொரு நல்ல சேதியும் இருக்கு சார். போயிடுச்சு!”

“என்ன போயிடுச்சு?”

“உங்க வாக்குமூலம். ஒருத்தரைப் பத்தி வாக்குமூலம் கொடுத்தா அதோட நகல் அவர் வீட்டுக்குப் போகணும்னு விதி. உங்க நம்பர்லேர்ந்தே அனுப்பிட்டோம். ஒரு ஆட்சேபணையும் வரல. வடிகட்டற மெஷின் ஒரு இடத்துல கூட நிறுத்தல. நாலு செகண்ட்! இந்த வருஷத்துல இவ்வளவு வேகமா எதுவும் போனதில்லைன்னு டைரக்டரே ஆச்சரியப்பட்டார்.”

மெக்கானிக் தம் போனை எடுத்துப் பார்த்தார்.

“எந்த நம்பருக்கு?”

“வரேன், வந்துட்டேன்னு எழுதினாரே, அந்த நம்பருக்குத்தான்.”

“திருப்பி எடுங்கம்மா. ஐயோ, திருப்பி எடுங்க.”

“போனது வராது சார்” என்றார் அந்த அம்மாள். “மறுப்பு அனுப்பணும்னா மனு கொடுங்க. பத்து வேலை நாள் ஆகும்.”

ஊரில் நடந்ததை அம்மாதான் பிறகு அவரிடம் சொன்னாள். போன் அப்பாவின் தலையணைக்கடியில்தான் இருந்ததாம். ஆபரேஷன் நேரம் தவிர எட்டு நாளும் யாரிடமும் கொடுக்கவில்லையாம். மணி அடித்ததும், தையல் வலியோடு ஒருக்களித்து, தாமே எடுத்தாராம். கண்ணாடி போடாமல், செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பது போல வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் படித்தாராம்.

“யாரு?” என்று அம்மா கேட்டிருக்கிறாள்.

“உன் பையன்.”

“அப்பாடா! என்ன சொல்றான்?”

அப்பா போனை மார்பின் மேல் கவிழ்த்து வைத்தாராம். “ஏண்டி, நான் இருக்கேன்ல?” என்று கேட்டாராம்.

விமானம் இறங்கியதும் மெக்கானிக் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினார். மூச்சுவிடாமல் சொன்னார். கவர்னரைச் சொன்னார், ‘ம்’மைச் சொன்னார், நாற்பத்தொரு வாக்கியத்தைச் சொன்னார். அவர்கள் கொடுத்த நகலையும் எடுத்துக் காட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். அப்பா நகலை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் விதிகளுக்குள் வேலை பார்த்தவர்; அவருக்கு எல்லாம் புரிந்தது.

“சீல் சரியாத்தான் இருக்கு” என்றார். “கையெழுத்தும் உன்னுதுதான்.”

“எழுதச் சொன்னாங்கப்பா.”

“ம்” என்றார் அப்பா.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். உடம்பு தேறிவிட்டது. காலையும் மாலையும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்பா நேரம் தவறுவதில்லை. செருப்பை மாட்டிக்கொள்கிறார், கதவைத் திறக்கிறார், உள்ளே திரும்பி எல்லாரும் கேட்கும்படி “போறேன்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்.